மூன்றாவது கூப்பாடு

மணி ஒன்பது. ஐப்பசி மழை. சித்தேரி மலை ரோடு.

கடைசி பஸ் இறங்கிப் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த ரோட்டில் ஆள் நடமாட்டம் கிடையாது. ஒரே ஒரு ஜீப் மட்டும் முக்கிக்கொண்டு ஏறியது. ஓட்டினவன் நான். பக்கத்தில் என் சிநேகிதன் மாயவன். பின்சீட்டில் அவன் தங்கை மகன் நவநீதன், கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு.

"உசுரோடதான் இருக்கா மாமா. மெஷினு பதில் சொல்லுது. வெரசாப் போங்க."

அதை நம்பித்தான் போனோம்...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இந்தக் குடோன் தகரத்தின் மேல் மழை விழுந்தால் பக்கத்தில் பேசுவதே கேட்காது. கரண்ட் இப்போதைக்கு வராது. நீங்கள் லோடு இறக்க வேண்டிய சரக்கு லாரியும் தொப்பூர் தாண்டியிருக்காது. குரு, அந்த ஃபோன் வெளிச்சத்தை அணை. சுகுணா, நீயும்தான்.

"ஏன் தாத்தா, ஃபோனுக்கும் பேய் புடிக்குமா?" என்கிறான் குரு. சிரித்துக்கொள். நானும் அப்போது சிரித்தவன்தான்.

நான் நாலாவதோடு நின்றவன். பெரியண்ணன் என்று என் பேரை எழுதுவேன், பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். யாரையும் சட்டென்று நம்புகிற புத்தி எனக்குக் கிடையாது. டாக்டர் சொன்னாலும் போலீஸ் சொன்னாலும் பாதியைக் கழித்துக்கொண்டுதான் கேட்பேன். இதையும் நீங்கள் அப்படியே கேளுங்கள். எனக்கு நஷ்டமில்லை.

மலை அடிவாரத்தில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி மாதம்மாள் வீடு. மாயவனின் தங்கை. புருஷன் போய்விட்டான். மரவள்ளிக் காட்டில் கூலிக்குப் போய் இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினாள். மூத்தவன் நவநீதன், கம்ப்யூட்டர் படித்தான். சின்னவள் எழிலரசி, நர்ஸ் வேலைக்குப் பாதிப் படிப்பு படித்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு வெளியே இருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே வாயைத் திறக்கக் கூடாது. ஒன்று... பேசாதே. இரண்டு... பேசாதே. மூன்றாவது தடவையும் கூப்பிட்டால்தான் "யாரு" என்று கேட்க வேண்டும். மனுஷனுக்குத்தான் மூன்று தடவை கூப்பிடுகிற பொறுமை உண்டு, மற்றதற்குக் கிடையாது என்பார்கள். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் மாதம்மாள் மாதிரி இதில் கறாரான பொம்பளையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டாவதுக்கு வாய் திறந்த பிள்ளைக்கு முதுகில் விழும். எழிலரசிக்கு இருபத்து மூன்று வயதாகியும், ராத்திரி சோறு தின்ன அவளைக் கூப்பிட வேண்டுமானால் தெருவே அதிர மூன்று தடவை கத்த வேண்டும்.

"காது அடச்சுப் போச்சாடி?"

"கேட்டுச்சும்மா. ரெண்டுதான ஆச்சு?"

அப்படிப்பட்டவள்.

வெளியூர்க்காரர்கள் நடத்துகிற ஒரு டிரஸ்ட் இருந்தது. பேர் வேண்டாம். மலைக் கிராமங்களில் வயசானவர்களுக்குச் சர்க்கரை, பிரஷர் பார்த்து எழுதிக்கொண்டு போகிற வேலை. அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் அங்கேதான் சம்பளம். எழிலரசி வீடு வீடாகப் போய் விரலில் குத்துவாள். குத்துவதற்கு முன் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பாள். அவள் வந்து போன வீட்டில் அரை நாளைக்கு அந்த வாசனை நிற்கும். பார்த்ததை எல்லாம் உள்ளங்கை அகல மெஷின் ஒன்றில் பதிய வேண்டும். பார்த்தால் ஃபோன் மாதிரிதான். கைமெஷின் என்பார்கள். இப்படி முப்பது பேர் கையில் முப்பது மெஷின்.

ஆபீஸ்காரனுக்குச் சந்தேகம். மெஷினை வீட்டில் போட்டுவிட்டு மலைக்குப் போனதாகப் பொய் சொல்கிறார்களோ என்று. (அவனும் என் ஜாதிதான், சந்தேகத்தில்.) உட்கார்ந்த இடத்திலிருந்து எந்த மெஷினைக் கூப்பிட்டாலும் அது தன் நிலவரத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு ப்ரோகிராம் எழுது என்று நவநீதனிடம் சொன்னான்.

பையன் நேராக என் வீட்டுக்கு வந்து நின்றான்.

"மாமா, ஒங்க டச் ஃபோனக் குடுங்க."

"எதுக்குடா?"

"இதவிட ஓட்ட ஃபோனு இந்த ஜில்லாவுலயே கெடையாது. இதுல ஓடிருச்சுன்னா எதுலயும் ஓடும். மொதல்ல மட்டமானதுல வெச்சுப் பாக்கணும், அதான் தொழிலு."

என் மகள் ஓசூரிலிருந்து கொடுத்தனுப்பின ஃபோன் அது. பின்மூடியைக் கழற்றினால் பேட்டரி தனியாக வரும், அந்தக் காலத்தது. கொடுத்தேன். மூன்று மாதம் என் வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்து எழுதினான். எழுதுகிறவன் வாய் சும்மா இராது. எனக்குப் புரிகிறதோ இல்லையோ, சொல்லிக்கொண்டே இருப்பான்.

"மெஷினோட பேரக் கேக்கக் கூடாது மாமா. பேர யாரும் மாத்திக்கலாம். அது பொறக்கறப்ப உள்ள போட்ட நம்பர் ஒண்ணு இருக்கும், அதத்தான் கேக்கணும்."

சார்ஜ் எவ்வளவு என்று கேட்க வேண்டும். உள்ளே ஓடுகிற ஆப் எத்தனையாவது தடவை எழுதினது என்று கேட்க வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் பழசையே வைத்துக்கொண்டு திரிவார்கள். கடைசியாக எப்போது விரல் பட்டது என்று கேட்க வேண்டும். ஆப் திறந்திருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாதாம்.

"மின்னால இருக்குதா, பின்னால இருக்குதான்னு கேக்கணும். மின்னாலன்னா யாரோ கையில புடிச்சுப் பாத்துட்டு இருக்காங்கன்னு அர்த்தம். பின்னாலன்னா பையில கெடக்குது."

இன்னொன்றும் சொன்னான். இது எனக்கு மறக்கவே இல்லை. "பதில் வரலன்னா வரலன்னு காட்டணும் மாமா. பழைய பதிலயே திருப்பிக் காட்டக் கூடாது. செத்தவன் நேத்து சொன்னத இன்னைக்கு சொன்னான்னு நம்பற மாதிரி ஆயிரும்." அதனால் ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் அது வந்த மணியைப் போட வைத்தான்.

அந்த மெஷின் இருக்கிற இடத்தைக் கேட்கிற கேள்வியும் முதலில் வைத்திருந்தான். எழிலரசிதான் சண்டை போட்டாள்.

"அத எடுத்துருண்ணா. ஒரு பொம்பள காட்டுல ஒதுங்கப் போறதக் கூடவா ஒங்க ஆபீசு பாக்கணும்?"

"எடுத்துர்றா. வேவு பாக்கற சாமானு வெளங்காது" என்று நானும் சொன்னேன். எடுத்துவிட்டான். அதில் எனக்கும் பங்கு உண்டு.

கடைசிவரை அவனைப் படுத்தியது தூக்கம்தான். சும்மா கிடந்தால் ஃபோன் தூங்கிவிடுமாம். தூங்குகிறதை எழுப்பிப் பதில் வாங்குவது லேசில்லை. ஒரு நாள் சாயங்காலம் அவன் கம்ப்யூட்டரைத் தட்ட, கயிற்றுக் கட்டிலில் திரை அணைந்து கிடந்த என் ஃபோன்... டிடிங்... என்றது. கூப்பிட்டதற்குப் பதில் சொன்னால் அந்தச் சத்தம்.

"மொத கூப்பாட்டுக்கே பதில் சொல்லுது மாமா!" என்று குதித்தான்.

மாதம்மாள் முறத்தோடு வந்து நின்றாள். "மொத கூப்பாட்டுக்கேவா? ராத்திரியிலயுமா?"

"எப்பக் கூப்புட்டாலும்மா."

"யாரு கூப்புட்டாலுமா?"

"என் ப்ரோகிராம் வெச்சிருக்கற எதுவும் எதயும் கூப்புடலாம். மெஷினுக்கு ஆளு தெரியுமா?"

"வேண்டாண்டா. மூணு வாட்டி கூப்புட்டாத்தான் சொல்லணும்னு வை."

அவன் சிரித்தான். நானும்தான். ஆனால் அவன் போன பிறகு ஃபோனிலிருந்து பேட்டரியைக் கழற்றினேன். ஃபோனை ஒரு துணியிலும் பேட்டரியை ஒரு துணியிலும் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். கூப்பிட்ட குரலுக்கெல்லாம் எழுந்து உட்காருகிற சாமானை எனக்குப் பிடிக்கவில்லை. பட்டன் ஃபோன் வாங்கிக்கொண்டேன்.

ஆறாவது தடவை திருத்தி எழுதினதை முப்பது மெஷினிலும் போட்டான். அதற்குமேல் அவன் கை வைக்கவில்லை. ஆறு. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. எழிலரசி மலைமேல் ஒரு கிராமத்துக்குப் போனாள். மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறாள். ஓடைக் கரையோரமாகக் குறுக்கு வழியில் இறங்கி நடந்ததை மாடு மேய்க்கிறவன் ஒருவன் பார்த்திருக்கிறான். அப்போது மணி ஐந்து. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

எட்டரைக்கு நவநீதன் அவள் மெஷினைக் கூப்பிட்டான். எல்லோரும் சுற்றி நின்றோம். மாதம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள்.

பதில் வந்தது.

நம்பர் சரி. ஆப் ஆறு. சார்ஜ் முப்பத்தொன்று. முன்னால். விரல் பட்டது... இப்போது.

"கையில வெச்சுப் பாத்துட்டு இருக்கா!" என்று பையன் அலறினான். மாயவன் தரையில் உட்கார்ந்து அழுதான். அந்த மலையில் ஃபோன் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், நாவல் மரத்து வளைவு. பதில் வருகிறதென்றால் அங்கேதான் நிற்கிறாள். வண்டியை எடுத்தேன்.

வளைவில் யாரும் இல்லை.

ஹெட்லைட்டை அணைக்காமல் இறங்கினோம். மழை கொஞ்சம் விட்டிருந்தது. நாவல் மரத்திலிருந்து சொட்டுகிற சத்தம். கீழே ஓடை இரைகிற சத்தம். அப்புறம் அந்த வாசனை... ஸ்பிரிட். மழையில் எந்த வாசனையும் நிற்காது. இது நின்றது. இப்போதுதான் யாரோ பஞ்சில் தொட்டு நம் விரலைத் துடைத்த மாதிரி, மூக்குக்குக் கிட்ட.

"இங்கதான் இருக்கா" என்று நவநீதன் ஃபோனைத் தட்டினான்.

டிடிங்.

இடது பக்கம், பள்ளத்திலிருந்து. ஓடினோம். புதரை விலக்கி டார்ச் அடித்தோம். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினான்.

டிடிங்.

இப்போது வலது பக்கம், பாறைக்கு மேலே. ஆள் ஏற முடியாத பாறை அது.

பையன் பொறுக்க முடியாமல் கையை வாய்க்குக் குவித்துக் கத்தினான்.

"எழிலூ...!"

அவன் குரல் அடங்கவில்லை. அதற்குள் பதில் வந்தது.

"ண்ணா..."

அவள் குரல்தான். சந்தேகமே இல்லை. பள்ளத்துக்குள்ளிருந்து. மாயவன் "ஆத்தா, வந்துட்டன்டி" என்று கால் வைத்துவிட்டான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஒரு கூப்பாட்டுக்கு அந்தப் பெண் பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை. பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். ஓடை இரைச்சலில் மாயவனுக்குக் கேட்க வேண்டுமே என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"அது எழிலு இல்லடா! அந்தப் புள்ள மூணு வாட்டி கூப்புட்டாத்தான் வாயத் தொறக்கும்! ஒந்தங்கச்சி வளத்த வளப்பு அது! மூணுடா, மூணு!"

மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

ஓடைகூட நின்ற மாதிரி. அப்புறம், யாரும் ஃபோனைத் தொடாமலே...

டிடிங்.

... டிடிங்.

... டிடிங்.

மெதுவாக. எண்ணிப் பார்க்கிற மாதிரி.

பையன் பள்ளத்தில் இறங்கப் பாய்ந்தான். கிழவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் தூக்கி ஜீப்பில் போட்டோம். என் கையைக் கடித்தான். இதோ, இந்தத் தழும்பு. ராமக்காள், வேண்டுமானால் தொட்டுப் பார்.

வியாழக்கிழமை காலையில் அவளை எடுத்தார்கள். வளைவிலிருந்து ஒரு மைலுக்குக் கீழே, ஓடைக்குள், ஒரு கால் ஒடிந்து, வேரில் மாட்டிக்கொண்டு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து ஐந்தரைக்கே உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர். மெஷின் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அவள் பைக்குள்ளேயே இருந்தது. குலுக்கினால் சேறு வடிந்தது.

காரியம் முடிந்த அன்றைக்கு நவநீதன் என்னிடம் வந்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கறன். காலு ஒடிஞ்சு கெடக்கற பொண்ணு, இருட்டுல அண்ணன் குரலக் கேட்டா, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிட்டா இருக்கும்?"

டாக்டர் ஐந்து மணி என்று சொல்லியிருக்கிறாரே என்றேன். "நீங்க எந்த டாக்டர நம்பி இருக்கீங்க?" என்றான்.

அரிசிக்குள் போட்டால் மெஷின் ஈரத்தை அரிசி இழுத்துவிடுமாம். அவர்கள் வீட்டில் அன்றைக்கு ராகிதான் இருந்தது. ராகி டின்னுக்குள் அந்த மெஷினைப் பத்து நாள் புதைத்து வைத்தான். அது உயிர் பிடிக்கவில்லை. கடையில் பிரித்துப் பார்த்தவன் உள்ளே எல்லாம் துருப்பிடித்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்தான். மறுபடி டின்னுக்குள்ளேயே போட்டார்கள்.

ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் பதில் வந்தது.

நானே பார்த்தேன். சார்ஜ் முப்பத்தொன்று. முன்னால். விரல் பட்டது இப்போது. டின் மூடியைத் திறந்து பார்த்தோம். ராகிக்குள் மெஷின் செத்துத்தான் கிடந்தது. பழைய பதிலைத்தான் காட்டுகிறதோ என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த மணியைக் காட்டினான். அன்றைய தேதி. அந்த நிமிஷம்.

"மொத வாட்டியே பதில் சொல்றது எம்புள்ள இல்ல. அத மூடு" என்று மாதம்மாள் எழுந்து போய்விடுவாள். அவன் மூட மாட்டான். ராத்திரி முழுக்கத் தட்டிக்கொண்டே இருப்பான். வேலைக்குப் போகவில்லை. கன்னம் ஒட்டிப் போயிற்று. சார்ஜ் மட்டும் இறங்கவே இல்லை. முப்பத்தொன்று.

ஐந்து வாரம் கழித்து, ஒரு நாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்தான். தலை சீவியிருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

"மாமா, ஜீப்பு வேணும். மலைக்குப் போவணும்."

"எதுக்கு?"

"நேத்து மொத வாட்டி கூப்புட்டன், பதில் வரல. ரெண்டாவது வாட்டியும் வரல." மூச்சு வாங்கினான். "மூணாவது வாட்டிதான் சொல்லுச்சு. அவதான் மாமா! அம்மா கிட்ட சொன்னா கும்புடறா, அழுவறா. இன்னொண்ணு பாருங்க. ஆப் ஏழுன்னு காட்டுது. நான் ஆறுதான் எழுதி இருக்கன். ஏழு எவன் எழுதுனான்? அவதான் மாத்தி இருக்கா!"

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நாவல் மரத்து வளைவில் தொண்டை கிழியக் கத்தினது யார்?

"டேய்... அது அவ இல்ல. மூணுன்னு நான்தான்டா அன்னைக்குக் கத்துக் குடுத்தன். அது கேட்டுட்டு இருந்துச்சு."

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. புத்தி கெட்ட கிழவனைப் பார்க்கிற பார்வை. "அதுக்குக் காது இல்ல மாமா. ப்ரோகிராம் அது" என்றான்.

சாவி தர முடியாது என்றேன். காலில் விழுந்தான். தரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் பைக் மலைப் பக்கம் போகிற சத்தம் கேட்டது. மாயவனுக்கு ஃபோன் போட்டேன். மாரண்டஹள்ளியில் ஒரு கல்யாணத்தில் இருந்தான். இனிமேல் பஸ் பிடித்து வந்தாலும் பாதி ராத்திரி ஆகும் என்றான். நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போயிருக்கலாம். போகவில்லை. பயம். வேறு என்ன சொல்ல?

படுத்தேன். தூக்கம் இல்லை. மழையும் இல்லை அன்றைக்கு. சுவர்க்கோழிகூடக் கத்தவில்லை.

ஒரு மணி இருக்கும்.

"மாமா."

வாசலில். நவநீதன் குரல். தேய்ந்து போன குரல், ரொம்ப தூரம் நடந்து வந்தவன் மாதிரி.

நான் எழுந்து உட்கார்ந்தேன். வாயைத் திறக்கவில்லை.

"பெரியண்ண மாமா."

இரண்டு. கதவுக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்குச் சந்து உண்டு. அது வழியாக அந்த வாசனை உள்ளே வந்தது. ஸ்பிரிட். அவன் விரல் குத்துகிற வேலை செய்தவன் இல்லையே.

அப்புறம் நீளமாக ஒரு இடைவெளி. யாரோ கதவில் சாய்ந்து உட்காருகிற மாதிரி பலகை முனகியது.

"மாமா... கதவத் தொறங்க."

மூன்று.

பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த கணக்குப்படி, மூன்றாவது கூப்பிட்டவன் மனுஷன். போய்க் கதவைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மூன்றை மலையில் விட்டுவிட்டு வந்தவன் நான். அது இப்போது யாருடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? போர்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டு விடிகிறவரை உட்கார்ந்திருந்தேன்.

விடிந்ததும் மாயவன்தான் பார்த்தான். என் வாசலுக்கு ஐம்பதடி தள்ளி, மரவள்ளிக் காட்டு வரப்பில், குப்புற. இடது கால் முட்டிக்குக் கீழே ஒடிந்து திரும்பியிருந்தது. பைக் மலைமேல் நாவல் மரத்து வளைவில் நின்றது. ஒன்பது கிலோமீட்டர். ஒடிந்த காலோடு ஒருத்தன் அவ்வளவு தூரம் வர முடியுமா? முடியாது என்றால் அவன் எப்படி அங்கே கிடந்தான்?

ராத்திரி பத்துக்கு முன்னாலேயே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். என் வாசலில் குரல் கேட்டது ஒரு மணிக்கு. டாக்டர் சொன்னதை நம்பினால் நான் கதவைத் திறக்காதது சரி. நம்பாவிட்டால் என் சிநேகிதன் வீட்டுப் பிள்ளையைக் கதவுக்கு வெளியே சாகவிட்டவன் நான். என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. நான் டாக்டரை நம்புகிறவன் இல்லை.

மாதம்மாள் அழவில்லை. மூன்றாம் நாள் என் வீட்டுக்கு வந்து நின்றாள். ஒரே ஒரு கேள்விதான்.

"எத்தன வாட்டி கூப்புட்டான்?"

"கூப்புடவே இல்ல ஆத்தா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் போய்விட்டாள். ராகி டின்னை ஓடையில் விட்டுவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். மாயவன் இன்றுவரை என்னோடு பேசவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு, இந்த அதியமான்கோட்டைக்கு வாட்ச்மேன் வேலைக்கு வந்தேன். ராத்திரி முழுக்க ஹைவேயில் லாரி ஓடும். யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் இங்கே காதில் விழாது. அதற்காகத்தான் வந்தேன். இன்றைக்குத்தான் லாரி சத்தமே இல்லாமல் இருக்கிறது.

குரு, கதவைப் பார்க்காதே. இங்கே பார். இன்னும் ஒன்று பாக்கி. மாதம்மாளிடமும் சொல்லாதது.

அந்த ராத்திரி மூன்றாவது கூப்பாடு முடிந்து, நான் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன் இல்லையா... அப்போது ஒரு சத்தம் கேட்டது. வெளியே இருந்து இல்லை. வீட்டுக்குள்ளேயிருந்து. கட்டிலுக்கு அடியில், பூட்டின டிரங்குப் பெட்டிக்குள், துணி சுற்றி, பேட்டரி கழற்றிப் போட்டிருந்த என் பழைய ஃபோனிலிருந்து.

டிடிங்.

நான் வாயைத் திறக்கவே இல்லை. எனக்குப் பதிலாக அது சொல்லிவிட்டது.